பங்களாதேஷ் ரோடு: ஜாம் மட்டும்தானா பிரச்சினை?

#1 பனியன்காரன் (திருப்பூர், இப்போது காஜிப்பூர்)

டாக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திருப்பூர் திரும்புகிறவர்களிடம் "ஊர் எப்படி?" என்று கேட்டால் முதல் வார்த்தை "ஜாம்" என்றுதான் வரும். அடுத்த அரை மணி நேரம் அதே பேச்சு. ஹார்ன், ரிக்‌ஷா, உடம்பெல்லாம் சிராய்த்த பஸ். எல்லாம் உண்மைதான். உலக வங்கி 2017-ல் சொன்ன கணக்கே இருக்கிறது. டாக்காவில் வண்டிகளின் சராசரி வேகம் பத்து வருடத்தில் மணிக்கு 21 கிலோமீட்டரிலிருந்து 7-க்கு இறங்கிவிட்டதாம். வேகமாக நடக்கிறவன் பஸ்ஸை முந்திவிடலாம்.

ஆனால் புலம்புவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. ஃபேக்டரியில் ஷிப்மென்ட் பார்க்கிற ஆள் நான். டாக்காவுக்கு வடக்கே இருக்கிற காஜிப்பூரிலிருந்து சட்டோகிராம் (பழைய பெயர் சிட்டகாங்) துறைமுகத்துக்குச் சரக்கு போய்ச் சேருகிற வரைக்கும் தூக்கம் வராது. அப்படி அந்த ரோட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரிய வருவது ஒன்று உண்டு. அங்கே ரோடு பற்றிய எந்தக் கேள்வியை எடுத்தாலும் கடைசியில் தண்ணீரில் போய் நிற்கிறது.

தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிய நாடு. 2022 கணக்கெடுப்பில் சுமார் 17 கோடிப் பேர், நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 12 மீட்டருக்குள். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் இமயத்திலிருந்தும் மேகாலயாவிலிருந்தும் கொண்டுவருகிற தண்ணீரில் பெரும்பகுதி இந்த நாட்டு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். இப்படி ஒரு இடத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் ஜனம் போனது படகிலும் ரயிலிலும். இன்று சுமை முழுவதும் ரோட்டின் தலையில். என் கட்சி இதுதான்: இன்னும் எத்தனை மேம்பாலம் கட்டினாலும் ஆற்றையும் ரயிலையும் திரும்பக் கொண்டுவராமல் இது தீராது. மறுக்கிறவர்கள் வரலாம்.

#2 சும்மாவந்தேன்

மறுக்கிறேன். தண்ணீர் மேல் பழி போடுவது சௌகரியம், தண்ணீர் திருப்பிப் பேசாது. அதே உலக வங்கி அதே 2017-ல் இன்னொன்றும் சொன்னது. நாலு வழிச்சாலை போட ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு இந்தியா, சீனாவில் ஆவதைப் போலப் பல மடங்கு பங்களாதேஷில் ஆகிறது என்று. ஊழல், இழுபறி, போட்டியில்லாத டெண்டர் என்று காரணமும் சொன்னார்கள். இதில் கங்கை எங்கே வந்தது?

#3 மண்பரிசோதனை (சிவில், சென்னை)

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் இருவருமே மண்ணை விட்டுவிட்டீர்கள். ஒரு கன்சல்டன்சி வேலையாக மேமன்சிங் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ரோடு போட வேண்டும் என்றால் தரையைச் சமப்படுத்திவிட்டு மேலே ஜல்லி போட ஆரம்பிக்கலாம். அங்கே முதலில் தரையையே உண்டாக்க வேண்டும். 1988-லும் 1998-லும் வந்த வெள்ளங்கள் நாட்டில் பாதிக்கு மேல் மூழ்கடித்தவை. அந்த மட்டத்துக்கு மேலே ரோட்டின் தலை இருந்தாக வேண்டும். அப்போது வயல் நடுவே ஒரு ஆள் உயரத்துக்கோ அதற்கு மேலோ மண் மேடு எழுப்ப வேண்டும். மண் எங்கிருந்து வரும்? பக்கத்து வயலை வெட்டித்தான். பங்களாதேஷில் எந்த ரோட்டில் போனாலும் இரண்டு பக்கமும் நீளநீளமாகக் குட்டைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும், இல்லாவிட்டால் மீன் வளர்ப்பார்கள், சில இடத்தில் சணலை ஊறப்போட்டிருப்பார்கள். அதெல்லாம் இயற்கைக் குளம் இல்லை, அந்த ரோட்டுக்காக மண் எடுத்த குழி.

அந்த மண்ணும் நல்ல மண் இல்லை. வண்டலும் பொடி மணலும். களிமண் போலப் பிடிக்காது. மழைக்காலத்தில் வயலெல்லாம் ஏரியாகிவிடும். காற்று அடித்தால் அலை வந்து கரையைத் தின்னும். மழை ஓய்ந்த பிறகு பார்த்தால் தார் ஓரம் அந்தரத்தில் தொங்கும். நம் வெட்டிவேரைச் சரிவில் நட்டு மண்ணைப் பிடிக்க வைக்கிறார்கள், நன்றாகவே நிற்கிறது. ஆனால் வேர் இறங்கும் முன்னால் ஆடு மேய்ந்துவிட்டால் போச்சு.

அப்புறம் கல். அந்த நாட்டில் கல் கிடையாது. சில்ஹெட் எல்லையில் ஆற்றில் உருண்டு வரும் கல், தினாஜ்பூரில் மத்தியபாராவில் ஒரு கருங்கல் சுரங்கம், மிச்சம் எல்லாம் இறக்குமதி. ஜார்க்கண்டின் பாக்கூர்க் கல் அங்கே ரொம்பப் பேர்போனது. அதனால் என்ன செய்கிறார்கள்? செங்கல்லைச் சூளையில் சுட்டு, சுட்ட செங்கல்லை உடைத்து ஜல்லி ஆக்குகிறார்கள். கோவா என்பார்கள். ரோட்டோரத்தில் ஒரு கிழிந்த குடையை நட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மோதிரம் மாதிரி மாட்டியிருப்பார்கள், சுத்தியல் அடி விரலில் படாமல் இருக்க. பக்கத்தில் சிவப்புக் குவியல். நாம் கருங்கல் போடும் இடத்தில் அவர்களுக்கு அதுதான். கிராம ரோடு என்றால் உடைக்காமல் முழுச் செங்கல்லையே மீன்முள் வரிசையில் அடுக்கிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால் செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடிக்கும், பாரம் ஏறினால் பொடியும். தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது தெரிந்ததுதானே.

ஆக #2 நண்பருக்கு: செலவு அதிகம் என்பதில் திருட்டு ஒரு பங்கு, சந்தேகமே இல்லை. ஆனால் மேடு எழுப்ப, கல் இறக்குமதி செய்ய, ஊருக்கு ஊர் பாலம் போட என்று மிச்சப் பங்கும் இருக்கிறது. நிலம் எடுப்பதும் லேசு இல்லை. 2017 சட்டப்படி சந்தை விலையைப் போல மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். கொடுக்கத்தான் வேண்டும், வயலை விட்டால் அந்த ஆளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

#4 சும்மாவந்தேன்

சரி, மண்ணை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்மா (கங்கைக்கு அங்கே அந்தப் பெயர்) மேல் பாலம் கட்டினார்களே? முடியும் என்று காட்டிவிட்டார்கள் அல்லவா? ஆற்றைத் திரும்பக் கொண்டுவா, படகில் போ என்பதெல்லாம் கிழவர்கள் பேச்சு. ஜனம் பாலத்தைத்தான் கேட்கிறது.

#5 பனியன்காரன்

பத்மா பாலத்தை நான் குறை சொல்லவே மாட்டேன் நண்பா. 2022 ஜூன் 25-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் மாவா படித்துறையில் பஸ்ஸும் லாரியும் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பனிக்காலத்தில் ராத்திரி மூடுபனி இறங்கினால் ஃபெர்ரியை நடு ஆற்றிலேயே நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள். கோடையில் தண்ணீர் குறைந்து மணல் தட்டும். ஆம்புலன்ஸும் அந்த வரிசையில்தான் நின்றது. மேலே பாட்டுரியா–தௌலத்தியா துறையில் மூடுபனிக் கதை இன்னும் ஓயவில்லை, அங்கே பாலம் கிடையாது.

பணத்துக் கதையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊழல் சதி என்று சொல்லி உலக வங்கி 2012-ல் 120 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. சொந்தப் பணத்தில் கட்டுகிறோம் என்று பங்களாதேஷ் அரசு இறங்கியது. கனடாவில் நடந்த வழக்கு 2017-ல் நிற்காமல் போனது. செலவு முப்பதாயிரம் கோடி டாகாவை (அந்த நாட்டுப் பணம்) தாண்டியது வேறு விஷயம்.

#6 மண்பரிசோதனை

பாலம் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நீளம் 6.15 கிலோமீட்டர், 150 மீட்டர் அளவில் 41 ஸ்பான் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள துண்டு), மேலே ரோடு, அடியில் ரயில். இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. எனக்குப் பிடித்த இடம் அடியில் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் பத்மா தன் படுகையை எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கணக்குப் போட்டால் 60 மீட்டருக்கும் மேல் வருகிறது. கோடையில் தூணைச் சுற்றி மணலாகத் தெரிவது மழைக்காலத்தில் இருபது மாடி ஆழத்துக்குக் காணாமல் போகலாம். பாறை எங்கேயும் இல்லை. அதனால் 3 மீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குழாய்களைச் சாய்வாக, சுமார் 120 மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கினார்கள். ஒரு தூணுக்கு ஆறு. பாதி வேலையில் சில இடங்களில் அடியில் எதிர்பாராத களிமண் அடுக்கு வந்தது. 22 தூண்களுக்கு டிசைனை மாற்றி ஏழாவது குழாய் சேர்த்தார்கள். தாமதத்துக்கு அது ஒரு பெரிய காரணம்.

1998-ல் திறந்த ஜமுனா (பிரம்மபுத்திராவுக்கு அங்கே அந்தப் பெயர்) பாலமும் இதே ரகம். 4.8 கிலோமீட்டர். பாலத்தை ஆற்றின் அகலத்துக்குக் கட்டவில்லை, ஆற்றைப் பாலத்தின் அகலத்துக்குக் கரை கட்டி ஒடுக்கினார்கள். அந்தக் கரையைக் காப்பது தினசரி வேலை. ஆற்றுக்கு மனசு மாறினால் பாலம் வயலில் நிற்கும், ஆறு பக்கத்தில் ஓடும்.

#7 காலிமுகத்திடல் (கொழும்பு)

வணக்கம். நான் கொழும்பில் கப்பல் சரக்கு வேலை. சட்டோகிராமில் கொஞ்சக் காலம் இருந்தனான். திருப்பூர் அண்ணை சொல்றதிலை துறைமுகப் பக்கத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

சட்டோகிராம் துறைமுகம் கர்ணபுலி ஆற்றுக்குள்ளை இருக்கு. பெரிய கப்பல் உள்ளுக்கு வராது. 10 மீட்டர் மிதப்பாழம் (கப்பல் தண்ணிக்குள்ளை இறங்கி நிக்கிற ஆழம்), 200 மீட்டர் நீளம், அதுதான் எல்லை. அதுவும் வற்றுப்பெருக்கைப் பார்த்துத்தான் உள்ளுக்கு எடுப்பினம். அதாலை சின்னக் கப்பலிலை ஏத்தி கொழும்புக்கு, சிங்கப்பூருக்கு, போர்ட் கிளாங்குக்கு அனுப்பி அங்கை தாய்க்கப்பலுக்கு மாத்த வேணும். தாய்க்கப்பல் ஒருத்தருக்காகவும் நிக்காது. டாக்காவிலிருந்து வாற வழியிலை குமில்லாவிலை லொறி மறிபட்டால் கொழும்பிலை எங்கட தொலைபேசி அடிக்கும். இதுதான் தொடர்பு.

ஆடைச் சரக்கு பெரும்பாலும் கொள்கலனிலை டாக்காவிலிருந்து வாறதில்லை. மூடின லொறியிலை அட்டைப்பெட்டியாய் வந்து, துறைமுகத்துக்கு வெளியிலை இருக்கிற தனியார் டிப்போவிலைதான் கொள்கலனுக்குள்ளை அடுக்குப்படும். ஒரு கொள்கலன் ரயிலிலை போற சாமானுக்கு ரோட்டிலை எத்தினை லொறி வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. டாக்காவிலை கமலாப்பூரிலை 1987-இலிருந்தே கொள்கலன் ரயில் முனையம் இருக்கு. 2013-இலை டாக்காவுக்குப் பக்கத்திலை பாங்காவ்ன் எண்டு ஆற்று முனையமும் திறந்தவை. ரெண்டிலையும் போறது சொற்பம்.

#8 சும்மாவந்தேன்

ஏன் சொற்பம்? ரயில் மலிவு என்றால் முதலாளி தானாக அதில்தானே அனுப்புவான்.

#9 பனியன்காரன்

நல்ல கேள்வி. அதற்கு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். டாக்கா–சட்டோகிராம் ரோடு சுமார் 250 கிலோமீட்டர். ரயில் பாதை சுமார் 320. டோங்கி, பைரப், அகாவுரா, குமில்லா, லாக்சாம் என்று சுற்றிக்கொண்டு போகும். ஏன் சுற்று? அந்தப் பாதையைப் போட்டது டாக்காவுக்காக இல்லை. அஸ்ஸாம் தேயிலையைச் சட்டோகிராம் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அஸ்ஸாம் பெங்கால் ரயில்வே போட்டது. டாக்கா அன்றைக்கு ஓரத்து ஊர். பிறகுதான் பைரப் வழியாக அதோடு ஒட்டுப் போட்டார்கள், மேக்னா மேல் அந்த ரயில் பாலம் 1937-ல்தான் வந்தது. மேற்கே கொல்கத்தாவிலிருந்து வந்தது அகலப்பாதை, கிழக்கே மீட்டர்கேஜ். நடுவில் ஜமுனா. ஒரு நாட்டுக்குள் இரண்டு ரயில்வே.

சட்டோகிராம் பாதை முழுவதும் இரட்டைப் பாதை ஆனது 2023-ல்தான். ஜமுனாவில் பழைய பாலத்தின் ஓரத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது, தனி ரயில் பாலம் திறந்தது 2025-ல். பத்மா வழியாக ரயில் 2023 அக்டோபரில். ஆக மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. ரோட்டுக்குக் கொடுத்த பணத்தில் கால்வாசி இதற்கு முப்பது வருடம் முன்னால் கொடுத்திருந்தால் எங்கள் பையர் (சரக்கு வாங்குகிற கம்பெனி) கொடுத்த கெடு தவறும்போது ஏர் ஃப்ரெய்ட் போட்டு அழ வேண்டியிருக்காது. சம்பளம் கொடுக்கவில்லை என்று ஏதோ ஒரு ஃபேக்டரித் தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டால் மொத்த காஜிப்பூரும் நின்றுவிடும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும், ஆனால் மாற்று வழி என்று ஒன்று இருந்தால்தானே சரக்கு நகரும்.

#10 உத்தராவாசி

சார்களெல்லாம் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், மனுஷர்களைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்லட்டுமா? கணவருக்கு சாவர் பக்கம் வேலை, நான் டாக்காவின் வடக்கே உத்தராவில் பிள்ளைகளோடு.

டாக்கா லோக்கல் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். ஆண்கள் ஓடி ஏறுவார்கள். பெண்கள் ஏறும்போது மட்டும் உதவியாளன் பஸ்ஸின் தகரத்தை இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவான். அவன்தான் டிரைவருக்கு இடப்பக்கக் கண்ணாடி. "உஸ்தாத், பாமே பிளாஸ்டிக்" என்று கத்துவான். இடப்பக்கம் கார் வருகிறது என்று அர்த்தம். பஸ் இடித்தால் நொறுங்குகிறதெல்லாம் அவனுக்குப் பிளாஸ்டிக்! கார்க்காரர்கள் சுற்றிலும் இரும்புக் குழாய் மாட்டிக்கொண்டு திரிந்ததும் அதனால்தான்.

சிஎன்ஜி ஆட்டோ பச்சை நிறத்தில் கம்பிக் கூண்டு போல இருக்கும், திருடன் கை நீட்டாமல் இருக்க. மீட்டர் உண்டு, போடமாட்டார்கள்.

2022 டிசம்பர் 28-க்கு அப்புறம் எங்கள் பக்கம் வாழ்க்கையே மாறியது. மெட்ரோ முதலில் உத்தராவிலிருந்து ஆகார்காவ் வரை, 2023 நவம்பரில் மோதிஜீல் வரை. டிக்கெட் 20 டாகாவிலிருந்து 100 வரை. பெண்களுக்குத் தனிப் பெட்டி. ஒரு நாளை முழுங்குகிற பயணம் முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. 2024 ஜூலைக் கலவரத்தில் மிர்பூர்-10, காஜிபாரா ஸ்டேஷன்கள் அடித்து நொறுக்கப்பட்டபோது ரயில் நின்றது. அந்த வாரங்களில் ஜனம் எவ்வளவு தவித்தது என்று பார்த்தவள் நான். எனவே ஆற்றை விடுங்கள், டாக்காவுக்கு இன்னும் நாலு மெட்ரோ கொடுங்கள் என்பேன்.

#11 சும்மாவந்தேன்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. மெட்ரோவும் மேலேதானே ஓடுகிறது? தண்ணீரை மறந்துவிட்டு மேலே கட்டினால் ஆயிற்று. 2023 செப்டம்பரில் ஏர்போர்ட் பக்கமிருந்து ஃபார்ம்கேட் வரை மேல்மட்ட எக்ஸ்பிரஸ்வே திறந்தார்களே.

#12 மண்பரிசோதனை

மேலே போனவன் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும். அந்த எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கும் மூன்று சக்கரமும் ஏறக் கூடாது, பெரும்பாலும் கார்தான். காரில் போகிறவன் டாக்காவில் எத்தனை பேர்? ஏறிச் சில நிமிஷத்தில் ஃபார்ம்கேட் வந்துவிடுவான், இறங்கும் வளைவில் அதே கூட்டத்தில் நிற்பான்.

மேல்மட்ட வேலைக்கும் ஒரு விலை உண்டு. காஜிப்பூர்–ஏர்போர்ட் பிஆர்டி (பஸ்ஸுக்கென்று தனி) தடம் 2012-லிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தது. வேலை நடந்த வருடங்களில் கீழே இருந்த ரோடு சேறு. 2022 ஆகஸ்ட் 15-ல் உத்தராவில் கிரேனிலிருந்து கர்டர் (கான்கிரீட் உத்தரம்) நழுவி ஒரு கார் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் போனார்கள். போக்குவரத்தை நிறுத்தாமல், தடுப்பு வைக்காமல் தூக்கியிருக்கிறார்கள். இதில் தண்ணீருக்குப் பங்கே இல்லை, #2 நண்பர் பக்கம் ஒரு பாயிண்ட்.

ஆனால் டாக்காவின் ரோடு ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேளுங்கள். நகரப் பரப்பில் ரோடு ஏழு சதவிகிதம் போல என்பார்கள். இருந்த கால்வாய்களையும் மூடி ரோடு ஆக்கினார்கள். பாந்தபத் ரோடு கால்வாயாக இருந்தது, பெட்டிக் கல்வெர்ட் போட்டு மூடினார்கள். பழைய டாக்காவின் தோலாய்கால் ஓடையும் அப்படித்தான் தூர்ந்தது, இன்று அங்கே பழைய வண்டி உதிரிபாகக் கடைகள். விளைவு: ஒரு மணி நேரம் மழை பெய்தால் அந்த ரோடே திரும்ப ஓடை ஆகிவிடுகிறது. முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷா தள்ளும் படம் ஒவ்வொரு ஜூலையிலும் வரும்.

விதிவிலக்கு ஹாதிர்ஜீல். 2013-ல் அந்த ஏரியை மீட்டுச் சுற்றிலும் ரோடு போட்டார்கள். 2016 கடைசியில் அதில் வாட்டர் டாக்ஸியும் விட்டார்கள். காவ்ரான் பஜார் பக்கமிருந்து குல்ஷன் பக்கம் போக இன்றும் அதுதான் சுகம், மூக்கைப் பொத்திக்கொண்டால்.

#13 கரிசல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹாவோர் பக்கம் பெரிய ரோடு ஒன்று போட்டார்களே, யூடியூபில் பார்த்தால் இரண்டு பக்கமும் கடல் மாதிரி தண்ணீர், நடுவில் ரோடு. அது நல்லதா கெட்டதா?

#14 மண்பரிசோதனை

இட்னா–மிதாமோயின்–அஷ்டகிராம் ரோடு. கிஷோர்கஞ்ச் மாவட்டம், சுமார் 30 கிலோமீட்டர், 2020-ல் திறந்தது. அப்போதைய ஜனாதிபதி அப்துல் ஹமீதின் சொந்த ஊர்ப் பக்கம்.

ஹாவோர் என்றால் கிண்ணம் போல அமிழ்ந்த பெரும் தாழ்நிலம். பாதி வருடம் ஏரி, பாதி வருடம் நெல்வயல். மழையில் படகு, வேனிலில் கால் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. பழைய பொறியாளர்கள் அங்கே போட்டது முழுகும் ரோடு. கான்கிரீட் பலகையாகத் தாழ்வாகப் போடுவார்கள். மழை வந்தால் தண்ணீர் மேலே போய்விடும், படகும் அதன் மேல் போகும். தண்ணீர் வடிந்ததும் ரோடு அப்படியே இருக்கும். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். புதிய ரோடு அதற்கு நேர் எதிர். எல்லாக் காலத்துக்கும் ஆகும்படி மேடாகப் போட்டு, நடுநடுவே பாலம் விட்டார்கள். உள்ளூர் மக்களுக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் கிட்டே வந்தது, சுற்றுலாவும் வந்தது. தண்ணீர் போகிற வழி குறுகியது.

#15 சும்மாவந்தேன்

2022 ஜூன் சில்ஹெட் வெள்ளத்துக்கு அந்த ரோட்டைத் திட்டினார்கள். மேலே சிரபுஞ்சியில் ஒரே நாளில் 972 மில்லிமீட்டர் மழை. ரோடு இல்லாவிட்டாலும் முழுகியிருக்கும்.

#16 மண்பரிசோதனை

முழுகியிருக்கும், அதை மறுக்கவில்லை. அவ்வளவு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது. நான் கேட்பது அடுத்த கேள்வி. முழுகிய தண்ணீர் எத்தனை நாளில் வடிகிறது? அங்கே விவசாயிக்கு ஒரே போகம், போரோ நெல். தண்ணீர் வடிவது தள்ளிப்போனால் நாற்று விடுவது தள்ளிப்போகும், அறுவடை ஏப்ரல் கடைசிக்குப் போகும், அப்போது மலைவெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு நாளும் கணக்கு. அரசாங்கமே பிறகு ஹாவோரில் இனி தரைமேல் ரோடு வேண்டாம், போட்டால் தூண் மேல்தான் என்று முடிவெடுத்தது. அதைவிடச் சாட்சி வேண்டுமா?

#17 உத்தராவாசி

தூண் மேல் என்றால் செலவு எங்கேயோ போகுமே!

#18 மண்பரிசோதனை

போகும். அதனால் முழுகும் ரோடும் நல்ல படகும் போதும் என்பது என் கட்சி. ஆனால் அங்கே பிறந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி பிரசவ வலி வந்தால் படகு தேடுகிறவர்களிடம் போய் நான் உபதேசம் பண்ண முடியாது.

#19 காலிமுகத்திடல்

படகு எண்டு கதைக்கிறீங்கள், அதின்ரை மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். 2014 ஓகஸ்ட் 4 பினாக்-6 எண்ட லாஞ்சு (பயணிகள் படகு) மாவாவுக்குப் பக்கத்திலை அளவுக்கு மிஞ்சின ஆக்களோடை கவிண்டது. கன உடல்கள் கிடைக்கவே இல்லை. 2021 டிசம்பரிலை பர்குனாவுக்குப் போன அபிஜான்-10 லாஞ்சு நடு இரவிலை ஜாலகாட்டிக்குக் கிட்ட எரிஞ்சது. ஆறு நல்லது, ஆனால் ஆற்றிலை ஓடுற கப்பலைப் பார்க்க ஆள் வேணும்.

#20 பனியன்காரன்

உண்மை. ரோட்டில் மட்டும் பார்க்க ஆள் இருந்தானா? 2018 ஜூலை 29-ல் ஏர்போர்ட் ரோட்டில் பயணிகளைப் பிடிக்கப் போட்டி போட்டு ஓடிய பஸ், நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் மேல் ஏறி இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த நாள் முதல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டுக்கு வந்து லைசென்ஸ் கேட்டார்கள். போலீஸ் வண்டி, அமைச்சர் வண்டி என்று பார்க்கவில்லை. ஆம்புலன்ஸுக்குத் தனி வரிசை விட்டார்கள், ரிக்‌ஷாவை ஒற்றை வரிசையில் போக வைத்தார்கள். அந்த வருடமே புதுச் சட்டம் வந்தது. டாக்காவில் வரிசை என்று ஒன்று சாத்தியம் என்பதை அந்தச் சில நாள்தான் ஜனம் பார்த்தது.

கிராமப் பக்கம் இன்னொரு ஜாதி வண்டி உண்டு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற சீன டீசல் இன்ஜினைக் கழற்றி மூன்று சக்கரத்தில் மாட்டி நசிமன், கரிமன் என்று பெயர் வைத்து ஓட்டுகிறார்கள். பிரேக் இருப்பதும் இல்லாததும் அவன் அதிர்ஷ்டம். ஹைவேயில் வரக் கூடாது என்று தடை, ஆனால் வரும். நகரத்தில் இப்போது பேட்டரி ரிக்‌ஷா, கிண்டலாக பங்களா டெஸ்லா என்கிறார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் டாக்காவில் தடுக்கச் சொன்னதும் டிரைவர்கள் ரோட்டையும் ரயிலையும் மறித்தார்கள், உத்தரவு மேல்முறையீட்டில் நின்றுவிட்டது. லட்சக்கணக்கான குடும்பம் அதில் சாப்பிடுகிறது.

லாஞ்சு பற்றி: பத்மா பாலம் வந்த பிறகு டாக்காவிலிருந்து பரிசால் போக பஸ்ஸில் மூன்று நாலு மணி நேரம். டாக்காவின் சதர்காட் படித்துறையிலிருந்து ராத்திரி கிளம்பி விடிய பரிசால் சேரும் மூன்றடுக்கு லாஞ்சுகளுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. முறை வைத்து ஓட்டுகிறார்கள். டெக்கில் போர்வை விரித்துப் படுத்துக்கொண்டு மிகக் குறைந்த காசில் போன ஏழைக்கு இன்று பஸ் கட்டணம் ஒரு பாரம். மூட்டை முடிச்சு, கோழிக்கூடை, பாட்டி என்று குடும்பத்தோடு போக லாஞ்சு மாதிரி வராது. என் சண்டை இதுதான். பாலம் வந்ததும் ஆற்றை மூட்டை கட்டிவிட வேண்டியதில்லை. ஆளுக்குப் பாலம், சரக்குக்கு ஆறு என்று பிரித்திருக்கலாம். டாக்காவைச் சுற்றி நான்கு ஆறு ஓடுகிறது. வட்ட நீர்வழி என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். தாழ்வான பாலங்கள் இடிக்கின்றன, கழிவு நாற்றத்தில் ஆள் ஏறமாட்டேன் என்கிறான்.

#21 சும்மாவந்தேன்

சரக்குக்கு ஆறு என்பதை வேண்டுமானால் ஏற்கிறேன். ஆனால் அதற்கும் தூர் வாரணும், தூர் வாருவதற்கும் டெண்டர் விடணும். திரும்பவும் என் #2-க்கே வந்துவிட்டோம்.

#22 கரிசல்

அண்ணே, எனக்கு காஜிப்பூரில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி வேலை வந்திருக்கிறது. கம்பெனி வீடு அங்கேயே தருகிறேன் என்கிறார்கள், உத்தராவில் எடுத்தாலும் சம்மதமாம். எது நல்லது? ரம்ஜானுக்கு அப்புறம் சேரச் சொல்கிறார்கள்.

#23 பனியன்காரன்

தம்பி, தனியாள் என்றால் ஃபேக்டரிப் பக்கமே இரு. குடும்பம் வந்தால் உத்தரா. ஸ்கூல், மெட்ரோ எல்லாம் இருக்கிறது. காலையில் கம்பெனி மைக்ரோ வேன் ஆறு மணிக்குக் கிளம்பினால் டோங்கியைத் தாண்டிவிடும். ஏழு ஆனால் கதை வேறு. வெள்ளி லீவு என்பதால் வியாழன் சாயங்காலம் டாக்கா முழுக்க ரோட்டில்தான் இருக்கும், அன்று ராத்திரி ஃப்ளைட் போடாதே. ஈத் முன்னால் ஊர் காலியாகும், ரயில் கூரை மேலெல்லாம் ஆள் இருக்கும், அந்த வாரத்தில் வந்து இறங்காதே. ஈத் முடிந்த மறுநாள் வந்தால் டாக்கா ரோடு காலியாக இருக்கும். ஏர்போர்ட்டிலிருந்து காஜிப்பூர் வரைக்கும் ஹார்ன் அடிக்காமல் வரலாம்.

#24 உத்தராவாசி

கரிசல் தம்பி, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி எடுத்து வாருங்கள். ஜூலையில் ஷூ பிரயோஜனப்படாது. சாம்பார் பொடி இங்கே கிடைக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கும் ஒரு பாக்கெட்.